டிரெய்லர் மின் பிரேக்: காந்தம் வாங்கும் முன் லோடு கொடுத்துப் பாருங்கள்

கேள்வி சுருக்கமாக இது: இரண்டு ஆக்ஸில் உள்ள யூட்டிலிட்டி டிரெய்லர், நான்கு சக்கரத்திலும் மின்சார டிரம் பிரேக். இழுக்கும் வண்டியில் உள்ள, டிரெய்லர் பிரேக்குக்குக் கரன்ட் அனுப்பும் கன்ட்ரோலர், டிரெய்லர் இணைந்திருப்பதாகக் காட்டுகிறது. ஒயரில் மல்டிமீட்டர் வைத்தால் 12 வோல்ட் வருகிறது. ஆனாலும் பிரேக் சரியாகப் பிடிப்பதில்லை, பிடிக்கிற கொஞ்சமும் ஒரு பக்கமாக இழுக்கிறது. டிரம்முக்குள் பிரேக்கை இயக்கும் நான்கு காந்தங்களையும் வாங்கி மாற்றிவிடலாமா? இதை வீட்டிலேயே செய்ய முடியுமா?

வீட்டிலேயே செய்யலாம். ஆனால் காந்தத்தை இப்போதே வாங்காதீர்கள். இந்த வகை பிரேக்கில் கோளாறு என்று வருபவற்றில் பெரும்பகுதி டிரம்முக்கு வெளியே, ஒயரிலும் இணைப்பிலும் எர்த்திலும்தான் இருக்கும். நீங்கள் சொல்லும் இரண்டு அறிகுறிகளுமே அந்தப் பக்கம்தான் கை காட்டுகின்றன.

முதலில் இது வேலை செய்யும் விதம். டிரம்முக்குள் ஒரு நெம்புகோலின் நுனியில் மின்காந்தம் இருக்கிறது. கரன்ட் போனதும் அது டிரம்மின் உள்முகத்தில் உள்ள தட்டையான இரும்புப் பரப்பில் ஒட்டிக்கொள்ளும். டிரம் சுற்றிக்கொண்டிருப்பதால் காந்தத்தையும் தன்னோடு இழுக்கும். நெம்புகோல் சாயும், முன்பக்க ஷூவை (டிரம்மின் உட்சுவரில் அழுந்திப் பிடிக்கும் வளைந்த பட்டை) தள்ளும், அந்த ஷூ, ஷூக்களின் இடைவெளியைச் சரிசெய்யும் அட்ஜஸ்டர் வழியாகப் பின்பக்க ஷூவைத் தள்ளும். ஆக, காந்தம் பிரேக் பிடிப்பதில்லை. சக்கரத்தின் சுழற்சியைக் கொண்டே ஷூவை விரித்துவிடுகிறது. இதனால் ஒரு முக்கியமான விஷயம்: சக்கரம் சுற்றாமல் நின்றிருந்தால் பிரேக் பிடித்திருக்கிறதா என்று தெரியாது. நிற்கிற டிரெய்லருக்குக் கரன்ட் கொடுத்துவிட்டு "பிடிக்கவில்லையே" என்று முடிவு கட்டுபவர்கள் நிறையப் பேர். சக்கரத்தைத் தூக்கி, முன்னோக்கிச் சுற்றிவிட்டு, அப்புறம் கரன்ட் கொடுக்க வேண்டும்.

இனி அந்த 12 வோல்ட். 10 அங்குலம், 12 அங்குல டிரம்களில் வரும் காந்தம் ஒன்றின் மின்தடை சுமார் 3.2 ஓம். ஒவ்வொன்றும் 3 முதல் 4 ஆம்பியர் வரை இழுக்கும். நான்கும் பக்க இணைப்பில் இருப்பதால் மொத்தத் தடை 0.8 ஓம், பேட்டரியை நேராகக் கொடுத்தால் 15 ஆம்பியர் அளவுக்குப் போகும். இப்போது பிரேக்குக்குக் கரன்ட் கொண்டுபோகும் நீல ஒயரில் எங்கோ ஒரு இணைப்பு பச்சைக் களிம்பு பிடித்து அரை ஓம் தடையாக மாறியிருக்கிறது என்று வையுங்கள். லோடு இல்லாமல், அதாவது கரன்ட் இழுக்கும் எதையும் ஓட்டாமல் அளந்தால் மல்டிமீட்டர் இழுப்பது கண்ணுக்குத் தெரியாத கரன்ட், அதனால் 12 வோல்ட் அப்படியே காட்டும். காந்தங்கள் இழுக்கத் தொடங்கியதும் அந்த அரை ஓம் மட்டுமே நாலரை வோல்ட்டை விழுங்கிவிடும். காந்தங்களுக்குப் போய்ச் சேர்வது ஏழேகால், ஏழரை வோல்ட்தான். ஒரே ஒரு செப்பு இழையில் தொங்கும் ஒயர்கூட மீட்டருக்கு முழு ஒயர்தான். புரி எல்லாம் அறுந்து ஒரு புரியில் நிற்கும் கயிறு சும்மா தொங்கும்போது நல்ல கயிறாகத்தானே தெரியும்? எடையைக் கட்டினால்தான் தெரியும்.

அதனால் லோடு இல்லாமல் எடுத்த வோல்ட்டேஜை நம்பாதீர்கள். கன்ட்ரோலர் காட்டுவதையும் அதே கணக்கில் வையுங்கள். ஒரே ஒரு காந்தம் இணைப்பில் இருந்தாலே பல கன்ட்ரோலர்கள் டிரெய்லர் இருக்கிறது என்று சொல்லிவிடும்.

கோளாறு வண்டியிலா டிரெய்லரிலா என்று முதலில் பிரித்துவிடுங்கள். பிளக்கைக் கழற்றிவிட்டு, வண்டிப் பக்க சாக்கெட்டின் பிரேக் பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் நடுவே ஒரு பழைய ஹாலஜன் ஹெட்லைட் பல்பைக் கட்டுங்கள். 55 வாட் பல்பு நாலரை ஆம்பியர் இழுக்கும், ஒரு காந்தத்தைவிடக் கொஞ்சம் கூடுதலான லோடு. ஒருவர் கன்ட்ரோலரின் கைவிசையைக் கடைசிவரை தள்ளட்டும். பல்பு பளிச்சென்று எரிந்து, விசையைத் தளர்த்தத் தளர்த்த மங்கினால் வண்டிப் பக்கம் பெரும்பாலும் சரி. பிரேக் பெடலை மிதித்தும் ஒருமுறை பாருங்கள். கைவிசையில் எரிந்து பெடலில் எரியாவிட்டால் ஸ்டாப் லைட் சிக்னல் கன்ட்ரோலருக்கு வரவில்லை என்று அர்த்தம். பெரும்பாலான கன்ட்ரோலர்கள் கரன்டைத் துண்டு துண்டாக வெட்டி அனுப்புபவை. பாதி விசையில் சாதாரண மீட்டர் காட்டும் எண்ணுக்குப் பெரிய பொருள் இல்லை; அங்கே பல்புதான் உண்மை சொல்லும்.

வண்டிப் பக்கம் சரியென்றால் டிரெய்லருக்கு வாருங்கள். 7 பின் பிளக்கில் பிரேக் ஒயர் பெரும்பாலும் நீலம், எர்த் வெள்ளை. ஆனால் முந்தைய உரிமையாளர் கையில் கிடைத்த நிறத்தில் ஒயர் போட்டிருக்கலாம் என்பதால் பின்னின் இடத்தைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். மீட்டரை ஓம் நிலையில் வைத்து, முதலில் அதன் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு என்ன காட்டுகிறது என்று பாருங்கள். மீட்டர் ஒயரின் தடையே 0.2, 0.3 ஓம் இருக்கும். நாம் தேடுவது 0.8 என்பதால் அதைக் கழிக்காவிட்டால் கணக்குத் தப்பிவிடும். அப்புறம் நீலத்துக்கும் வெள்ளைக்கும் நடுவே அளங்கள். 0.8 வந்தால் நான்கு காந்தங்களும் இணைப்பில் இருக்கின்றன. 1.1 பக்கம் வந்தால் மூன்று. 1.6 என்றால் இரண்டுதான். 3.2 என்றால் ஒன்றே ஒன்று. ஒன்றுமே காட்டாவிட்டால் முன்பக்கம், எல்லாம் பிரிவதற்கு முன்பே அறுந்திருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டி வந்தால் ஷார்ட். தீர்ப்பு சொல்ல இந்த எண் போதாது. இருந்தாலும் சக்கரத்தைக் கழற்றாமலே எங்கே தேட வேண்டும் என்று சொல்லிவிடும்.

நீங்கள் சொன்ன 'ஒரு பக்கம் இழுக்கிறது' என்பதற்கு என் முதல் சந்தேகம் ஆக்ஸிலுக்குள் போகும் ஒயர். நிறைய டிரெய்லர்களில் ஒயர் சட்டத்தின் ஒரு பக்கமாக வந்து, அந்தப் பக்கத்துச் சக்கரத்துக்கு இணைந்து, பிறகு ஆக்ஸில் குழாயின் உட்புறமாகவே எதிர்ப்பக்கச் சக்கரத்துக்குப் போகும். குழாய்க்குள் அதைப் பிடித்து நிறுத்த ஒன்றும் கிடையாது. ஒவ்வொரு குலுக்கலுக்கும் இரும்பில் உரசி, மேலுறை தேய்ந்து, ஒரு நாள் அறுந்துவிடும், அல்லது குழாயைத் தொட்டு ஷார்ட் ஆகும். அறுந்தால் எதிர்ப்பக்கச் சக்கரம் செத்துவிடும், டிரெய்லர் உயிரோடு இருக்கிற பக்கம் இழுக்கும். ஷார்ட் ஆனால் கன்ட்ரோலர் ஓடும்போது மட்டும் எச்சரிக்கை காட்டும், நிறுத்திப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. இதைத்தான் ஆட்கள் மாதக்கணக்கில் தேடுகிறார்கள். குழாயின் இரண்டு முனையிலும் ஒயரைப் பிரித்துவிட்டு, ஒயருக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே தடையை அளந்தபடி ஒயரைப் பிடித்து ஆட்டுங்கள். மீட்டர் ஒரு நொடி துடித்தாலும் அந்த ஒயர் வேண்டாம்.

புதிய ஒயரை மறுபடியும் குழாய்க்குள் வெறுமனே விடாதீர்கள். ஆக்ஸிலின் பின்புற மேல்பக்கமாக, பிளாஸ்டிக் கண்ட்யூட் குழாயில் நுழைத்து, டேக் போட்டுக் கட்டிக் கொண்டுபோவதுதான் நல்லது. வெளியே தெரிகிறது, அழகில்லை என்பார்கள். வெளியே தெரிவதே அதன் நன்மை. சட்டத்திலிருந்து ஆக்ஸிலுக்கு இறங்கும் இடத்தில் மட்டும் சஸ்பென்ஷன் ஆடுவதற்கு வேண்டிய தளர்வு விடுங்கள்.

ஓம் கணக்கு சரியாக வந்தும் பிடிப்பு இல்லையென்றால் லோடு கொடுத்துப் பார்க்க வேண்டும். நன்றாக சார்ஜ் ஆன 12 வோல்ட் பேட்டரியை, 20 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக, டிரெய்லர் பிளக்கின் நீலத்துக்கும் வெள்ளைக்கும் கொடுங்கள். வண்டியிலிருந்து பிளக் கழன்றிருக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் சில நொடிகள் போதும், காந்தம் சூடேறும். கரன்டை அளக்க மல்டிமீட்டரின் 10 ஆம்பியர் துளையைப் பயன்படுத்தாதீர்கள். நான்கு காந்தங்கள் அதற்கு மேல் இழுக்கும், மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். டிசி அளக்கும் கிளாம்ப் மீட்டர் இருந்தால் வேலை சுலபம். ஏசி மட்டும் அளக்கும் கிளாம்ப் இதற்கு உதவாது.

கரன்ட் 12 ஆம்பியருக்குக் குறைவாக இருந்தால், அந்த வோல்ட்டேஜ் எங்கே தொலைகிறது என்று தேடுங்கள். மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவில் வைத்து, மறு முனையை ஒரு காந்தத்தின் எர்த் ஒயரில் குத்துங்கள், லோடு ஓடும்போதே. அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பக்கம் மோசம். அதேபோல பேட்டரி பாசிட்டிவிலிருந்து காந்தத்தின் மற்ற ஒயருக்கு. எந்தப் பக்கம் அதிகம் காட்டுகிறதோ அந்தப் பக்கத்தில் முன்னே பின்னே நகர்ந்தால், ஒரு இணைப்பைத் தாண்டும்போது எண் சட்டென்று மாறும். அந்த இணைப்புதான் குற்றவாளி.

பழைய டிரெய்லர்களில் நான் அதிகம் பார்ப்பது எர்த் கோளாறு. வெள்ளை ஒயரை சட்டத்தில் ஒரு திருகில் முடித்துவிட்டு, ஒவ்வொரு காந்தத்தின் எர்த்தையும் பக்கத்தில் ஒரு திருகில் முடித்திருப்பார்கள். நடுவில் பெயின்ட், துரு, ஆடும் ஸ்பிரிங் போல்ட். டிரெய்லரை வண்டியோடு மாட்டும் கொக்கிப் பந்து வழியாக எர்த் போனால் போதும் என்று விட்டவர்களும் உண்டு. நீல ஒயர் எவ்வளவு கரன்டைச் சுமக்கிறதோ அதே கரன்ட்தான் வெள்ளையிலும் திரும்ப வர வேண்டும். அதனால் அதே தடிமனில் ஒரு வெள்ளை ஒயரை பிளக்கிலிருந்து கடைசி காந்தம் வரை தனியாக இழுத்துவிடுங்கள். இந்த ஒரு வேலையிலேயே பாதிக் கோளாறுகள் தீர்ந்துபோகும் என்பது என் அனுபவம்.

ஒயர் தடிமனில் கஞ்சத்தனம் வேண்டாம் (கேஜ் எண் குறையக் குறைய ஒயர் தடிமன் கூடும்). முன்னிருந்து பின்வரை 10 மீட்டர் ஒயர் என்றால் போய்வர 20 மீட்டர். 12 ஆம்பியர் ஓடும்போது 16 கேஜ் ஒயரில் மூன்று வோல்ட்டுக்கு மேல் போய்விடும். 12 கேஜில் ஒன்றேகால் வோல்ட். நான்கு சக்கரப் பிரேக்குக்கு 10 கேஜ் போட்டால் இன்னும் நிம்மதி. இணைப்புகளுக்கு, உள்ளே பசை தடவிய, சூடு காட்டினால் சுருங்கும் உறையுள்ள கிரிம்ப் வாங்குங்கள். ஒயரை வெட்டாமல் மேலே கவ்வும் கிளிப்புகள் தண்ணீருக்கு வாசல். முறுக்கி டேப் சுற்றுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம். சோல்டர் வைப்பதில் தவறில்லை, ஆனால் சோல்டர் முடியும் இடத்தில் ஒயர் விறைத்து, குலுக்கலில் அங்கேயே ஒடியும். அந்த இடம் ஆடாமல் கட்டி வையுங்கள். காந்தத்தின் இரண்டு ஒயர்களுக்கும் பாசிட்டிவ், நெகட்டிவ் வித்தியாசம் கிடையாது. எதையும் எர்த்தில் கொடுக்கலாம்.

இதற்கு நடுவே பிரேக்அவே ஸ்விட்சை மறக்காதீர்கள். டிரெய்லர் கழன்று ஓடினால் கம்பி இழுபட்டு, ஸ்விட்சில் செருகியிருக்கும் பின் (pin) வெளியே வந்து, டிரெய்லரிலேயே உள்ள சின்ன பேட்டரி பிரேக் பிடிக்கும் ஏற்பாடு அது. தண்ணீர் புகுந்தால் ஸ்விட்ச் உள்ளேயே ஷார்ட் ஆகி, பிரேக் எப்போதும் லேசாகப் பிடித்தபடி இருக்கும், டிரம் கொதிக்கும். காரணமில்லாமல் சக்கரம் சூடாகிறது என்றால் இந்த ஸ்விட்சின் ஒயரைப் பிரித்துப் பாருங்கள். சோதிக்கப் பின்னை இழுப்பதற்கு முன் வண்டியின் பிளக்கைக் கழற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் அந்தக் கரன்ட் கன்ட்ரோலருக்குள் திரும்பிப் போய் அதைக் கெடுக்கலாம்.

ஒயரெல்லாம் சரியாகி, ஒரு சக்கரம் மட்டும் இன்னும் சோம்பினால், அப்போது டிரம்மைத் திறக்கலாம். ஒரு திசைகாட்டியை டிரம்மின் பின்புறத்தில் வைத்துக் கரன்ட் கொடுத்துப் பார்த்தால், முள் திரும்புகிறதா என்பதிலேயே காந்தத்துக்கு உயிர் இருக்கிறதா என்று தெரியும்.

சரி, திறக்கிறோம். டிரெய்லரில் சரக்கு இருக்கக் கூடாது. சமதளம், மற்ற சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை, ஜாக்கியால் தூக்கிய பின் ஸ்டாண்டு. ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே கை விடாதீர்கள். ரப்பர் டார்ஷன் ஆக்ஸில் (ஸ்பிரிங்குக்குப் பதில் உள்ளே ரப்பர் உள்ள வகை) என்றால் ஆக்ஸில் குழாயில் ஜாக்கி வைக்கக் கூடாது, சட்டத்தில்தான். டஸ்ட் கேப், காட்டர் பின், நட், வாஷர், வெளி பேரிங் என்று கழற்றினால் ஹப்போடு டிரம் வரும். வராவிட்டால் சுத்தியலை எடுக்காதீர்கள். ஷூ உள்ளே தேய்ந்த விளிம்பில் சிக்கியிருக்கும், பின்தகட்டின் அடியில் உள்ள துளை வழியாக நட்சத்திர அட்ஜஸ்டரைத் தளர்த்துங்கள். உள்ளே இருக்கும் தூளை ஊதவோ ஏர் அடிக்கவோ வேண்டாம். ஷூவின் உரசும் பரப்பான லைனிங் பழையதென்றால் அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். பிரேக் கிளீனரால் நனைத்துக் கழுவித் துடையுங்கள்.

உள்ளே நான் முதலில் தேடுவது கிரீஸ். ஹப்பின் பின்பக்க சீல் கிழிந்திருந்தால், அல்லது ஹப்பின் நடுவே உள்ள நிப்பிளில் யாராவது வேகமாகப் பம்ப் அடித்திருந்தால், கிரீஸ் சீலைத் தாண்டி ஷூவிலும் காந்தத்திலும் பரவியிருக்கும். லைனிங் கிரீஸைக் குடித்துவிட்டால் கழுவித் தேய்த்துப் பயனில்லை, ஷூவை மாற்றத்தான் வேண்டும். அதுவும் அந்த ஆக்ஸிலின் இரண்டு பக்கமும் சேர்த்து. ஒரு பக்கம் மட்டும் புதிது போட்டால் மறுபடியும் இழுக்கும். லைனிங் 1.6 மில்லிமீட்டருக்குத் தேய்ந்திருந்தாலும் அதே விதி.

காந்தத்தின் முகத்தில் ஒரு நேரான ஸ்கேலை வையுங்கள். சமமாகத் தேய்ந்திருந்தால் நல்லது. ஒரு மூலை மட்டும் தேய்ந்திருந்தால் நெம்புகோலின் புஷ்ஷிங் தளர்ந்தோ கை வளைந்தோ இருக்கும். அதைச் சரி செய்யாமல் புதுக் காந்தம் போட்டால் அதுவும் அப்படியே தேயும். உள்ளே செப்புச் சுருள் தெரிந்தால் காந்தத்தின் ஆயுள் முடிந்தது. காந்தத்தின் ஒயருக்கும் அதன் இரும்பு உடலுக்கும் நடுவே மீட்டரில் எதுவும் காட்டக் கூடாது, காட்டினால் உள்ளே ஷார்ட். டிரம்மில் காந்தம் உரசும் முகம் மெல்லிய துரு என்றால் உப்புத்தாளால் தேய்க்கலாம். ஆழமான கோடுகள் விழுந்திருந்தால் லேத்தில் கொடுக்க வேண்டும், அப்படிக் கொடுத்தால் காந்தமும் புதிதாக இருக்க வேண்டும். எவ்வளவு வரை கடையலாம் என்பது டிரம்மிலேயே பொறித்திருக்கும்.

ஸ்பிரிங் துருப்பிடித்து, அட்ஜஸ்டர் இறுகி, ஷூவும் தேய்ந்து, காந்தமும் போய்விட்டது என்றால் ஒவ்வொன்றாக வாங்காதீர்கள். பின்தகட்டோடு முழுசாக, ஷூ, ஸ்பிரிங், காந்தம் எல்லாம் பொருத்தியபடியே கிடைக்கும். நான்கைந்து நட்டுகளைக் கழற்றி, இரண்டு ஒயரை வெட்டி, புதியதை மாட்டினால் வேலை முடிந்தது. இடது, வலது தனித்தனி. நீளம் குறைந்த லைனிங் உள்ள ஷூ டிரெய்லரின் முன்பக்கம் பார்த்து இருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் முன்னே போகும்போது பிடிப்பு குறைந்துவிடும். ஸ்பிண்டிலில் விரிசலோ ஆக்ஸிலில் வளைவோ தெரிந்தால் மட்டும் நிறுத்திவிட்டு, அந்த வேலை தெரிந்த பட்டறைக்குக் கொடுத்துவிடுங்கள்.

திரும்பப் பூட்டும்போது பின்பக்க சீல் புதியது, காட்டர் பின் புதியது. ஹப்பைச் சுற்றிக்கொண்டே நட்டை 68 நியூட்டன் மீட்டர் அளவுக்கு இறுக்கி, பேரிங் அமர்ந்ததும் ஹப் சுற்றாமல் நட்டைத் தளர்த்தி, விரலால் மட்டும் திருகி, காட்டர் பின் துளை நேராகாவிட்டால் கொஞ்சம் பின்வாங்கிப் பின்னைப் போடுங்கள். இறுக்கிய நிலையிலேயே விட்டால் பேரிங் வெந்துவிடும்.

அப்புறம் அட்ஜஸ்ட்மென்ட். ஒயரும் காந்தமும் சரியாக இருந்தும் பிடிப்பு வராதவர்கள் பெரும்பாலும் விடுவது இதைத்தான். பல டிரெய்லர்களின் பிரேக் தானாக அட்ஜஸ்ட் ஆவதில்லை. பின்தகட்டின் துளை வழியாக நட்சத்திர அட்ஜஸ்டரைத் திருகி, சக்கரத்தைக் கையால் சுற்றுவதே கடினம் என்கிற அளவுக்கு இறுக்குங்கள். பிறகு சக்கரம் தாராளமாகச் சுற்றி, லேசான உரசல் சத்தம் மட்டும் கேட்கும் வரை தளர்த்துங்கள். நான்கும் ஒரே மாதிரி கேட்க வேண்டும். புது ஷூ என்றால் 300 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி, அதன்பின் 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை. சக்கர நட்டுகளை எதிரெதிர் வரிசையில் டார்க் ரென்ச்சால் இறுக்கி, முதல் 15, 40, 80 கிலோமீட்டரில் திரும்பச் சரிபாருங்கள்.

புது ஷூ முதல் நாளே முழுதாகப் பிடிக்காது. ஆளில்லாத சாலையில் 65 கிலோமீட்டர் வேகத்தில் போய், கன்ட்ரோலரின் கைவிசையால் மட்டும் 30க்குக் குறைத்து, டிரம் ஆற இடைவெளி விட்டு, 20, 30 தடவை செய்தால் லைனிங் டிரம்மோடு பொருந்தும். கன்ட்ரோலரின் பலத்தை அதற்குப் பின்தான் அமைக்க வேண்டும். வழக்கமான சரக்கை ஏற்றி, காய்ந்த சமசாலையில் 40 கிலோமீட்டர் வேகத்தில் கைவிசையை முழுதாகத் தள்ளுங்கள். டிரெய்லர் சக்கரம் பூட்டிக்கொள்ளும் அளவுக்குப் பலத்தைக் கூட்டிக்கொண்டே போய், பூட்டியதும் ஒரு படி இறக்குங்கள். காலி டிரெய்லருக்கும் பாரம் ஏற்றியதற்கும் இந்த எண் வேறு வேறாக இருக்கும், இரண்டையும் எழுதி கன்ட்ரோலர் பக்கத்திலேயே ஒட்டிவையுங்கள்.